எது சாதாரணம் என்று நமக்கு யார் சொன்னது? ஊடகத் தாக்கம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஃபுளோரைடைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், சின்ன வயதிலிருந்து அதையே குடிக்கும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏறும். அளவு இன்னும் கூடி, வருடக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும். குடிக்கும்போது ருசியில் எதுவும் தெரியாது. எந்த ஒரு டம்ளரைக் காட்டியும் ‘இதனால்தான் வந்தது’ என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே பல் என்பதால், வெளியூர் போகும் வரை அது ஒரு பாதிப்பு என்றே பலருக்குத் தோன்றாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் பயன்பாட்டுக்கு வந்ததன் பின்னால் இருந்த முக்கியமான காரணம் இந்தப் பிரச்சினைதான்.

ஊடகம் மனதில் வேலை செய்யும் விதத்தை விளக்க எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. ஒரு விளம்பரமோ ஒரு படமோ யாரையும் மாற்றிவிடுவதில்லை. ஆனால் ஒரே மாதிரியான முகம், ஒரே மாதிரியான வீடு, ஒரே மாதிரியான காதல், ஒரே மாதிரியான சண்டை என்று பத்து இருபது வருடம் பார்த்துக்கொண்டே இருந்தால், ‘உலகம் இப்படித்தான்’ என்ற எண்ணம் உள்ளே படிந்துவிடுகிறது. எப்போது படிந்தது என்று நமக்கே தெரியாது.

வெகுஜன ஊடகம் என்றால் கொஞ்சம் பேர் தயாரித்து ஏராளமான பேர் பார்க்கிற எதுவும்: நாளிதழ், வானொலி, சினிமா, டிவி, பஸ் ஸ்டாண்டு விளம்பரத் தட்டி. கைபேசியில் ஓடும் யூடியூபும் இன்ஸ்டாகிராமும் இதில் சேரும். அங்கே யார் வேண்டுமானாலும் வீடியோ போடலாம், சரி. ஆனால் கோடிக்கணக்கான பேரின் திரையில் எது முதலில் வந்து நிற்கும் என்பதை ஒரு சில நிறுவனங்களின் கணினி நிரல்கள்தான் முடிவு செய்கின்றன.

இவையெல்லாம் நம்மை அதட்டி எதையும் செய்ய வைப்பதில்லை. அவற்றின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், எப்படிச் சண்டை போட்டுச் சமாதானம் ஆகிறார்கள் என்பதெல்லாம் நம் தெரு, நம் உறவு என்ற சின்ன வட்டத்துக்கு வெளியே நமக்கு நேரடியாகத் தெரியாது. அந்த இடைவெளியை ஊடகம் நிரப்புகிறது. எது சாதாரணம், எது பெருமை, எது கேவலம் என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் நம் நிறத்தையும் நம் கல்யாணத்தையும் நம் ஊரையும் அளந்து பார்க்கிறோம்.

டீக்கடைப் பேப்பரும் பக்கத்து பெஞ்சும்

ஊடகம் சொன்னதை மக்கள் அப்படியே விழுங்கிவிடுவார்கள் என்றுதான் ஆரம்பத்தில் பலரும் நினைத்தார்கள். 1940ல் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தபோது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் வாக்காளர்களைத் தொடர்ந்து பல மாதம் சந்தித்துப் பேசினார்கள். பிரச்சாரத்தைக் கேட்டு கட்சி மாறியவர்கள் குறைவாகவே இருந்தார்கள். செய்தியை நிறையப் படிக்கும் ஒரு சிலர் இருந்தார்கள். மற்றவர்கள் அந்தச் சிலரிடம் பேசித்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இதை இரண்டு கட்ட ஓட்டம் என்று சொல்வார்கள்.

நம் ஊர் டீக்கடையில் இதை ஆராய்ச்சி இல்லாமலே பார்க்கலாம். 1942ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் எழுதி, பேப்பரை டீக்கடை பெஞ்சுக்குக் கொண்டுவந்தது. ஒருவர் சத்தமாகப் படிப்பார். நாலு பேர் கேட்பார்கள். அதில் ஒரு பெரியவர், “அட, அது அப்படி இல்லப்பா” என்று தன் கருத்தைச் சேர்ப்பார். வீட்டுக்குப் போய்ச் சேர்வது செய்தியும் அந்தப் பெரியவரும் கலந்த ஒன்று. இன்றைக்கு வாட்ஸப் குரூப்பில் சித்தப்பா அனுப்பும் வீடியோவை நாம் அதிகம் நம்புவதற்கும் காரணம் இதுதான். வீடியோ யாருடையதோ, ஆனால் அனுப்பியவர் நம்ம சித்தப்பா.

பயம் எங்கிருந்து வருகிறது

சென்னையில் தூர்தர்ஷன் 1975ல் தொடங்கியது. சன் டிவி 1993ல் வந்தது. 2006க்குப் பிறகு தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி ஒன்றரைக் கோடிக்கும் மேல். அதுவரை பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்த கிராமங்களில், வீட்டுக்கு வீடு திரை வந்தது.

நாள் முழுக்க டிவி பார்ப்பவர்களுக்கு உலகம் எப்படித் தெரியும் என்ற கேள்வியை 1960களின் கடைசியிலிருந்து ஆராய்ந்தவர் ஜார்ஜ் கெர்ப்னர். அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்களில் எத்தனை அடிதடி, எத்தனை கொலை வருகிறது என்று அவருடைய குழு வருடா வருடம் எண்ணியது. அப்புறம் மக்களிடம், உங்களுக்கு ஒரு வாரத்தில் வன்முறை நேரும் வாய்ப்பு எவ்வளவு, மற்றவர்களை நம்பலாமா என்று கேட்டது. அதிகம் டிவி பார்ப்பவர்கள், குறைவாகப் பார்ப்பவர்களைவிட உலகத்தை ஆபத்தானதாகவும் மனிதர்களை நம்பத் தகாதவர்களாகவும் நினைத்தார்கள். டிவி வன்முறை நம்மை முரடர்களாக்கும் என்பதைவிட, நம்மைப் பயந்தவர்களாக்கும் என்பதே அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது.

இதற்கு மறுப்பும் வந்தது. 1979ல் கனடாவின் டொரன்டோவில் ஆண்டனி டூப், கிளென் மெக்டொனால்ட் என்ற இருவர், குற்றங்கள் அதிகம் நடக்கும் பகுதியில் இருப்பவர்களே வெளியே போகப் பயந்து வீட்டில் அதிகம் டிவி பார்க்கலாமே என்று கேட்டு, பகுதிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பயத்துக்கும் டிவிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆக, தாக்கம் இருக்கிறது, ஆனால் முதலில் நினைத்த அளவு பெரியதல்ல, ஆளுக்கு ஆள் இடத்துக்கு இடம் மாறும் என்பதுதான் இன்றுவரை நியாயமான நிலைப்பாடு.

சின்னத் தாக்கம் என்று அலட்சியமாக விடவும் முடியாது. 2018ல் குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் பரவிய வதந்தி நமக்கு மிகவும் பக்கத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில், ஓர் உயிரை எடுத்தது. அந்த மே மாதம், குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு வயதான பெண்மணி, வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அதற்காக ஊரே கூடி அவரை அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் பிறவிக் கொலைகாரர்கள் இல்லை. தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் ஊரில் எப்போதும் நடக்கிற காரியம். சில வாரம் ஓடிய வீடியோக்கள் அதைக் கடத்தலுக்கு அடையாளமாக மாற்றிவிட்டன. அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பகிர முடியாதபடி கட்டுப்படுத்தியது.

கண்ணாடிக்கு முன்னால்

மனிதர் தன்னை எப்படி மதிப்பிடுகிறார் என்று 1954ல் உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் ஒரு விளக்கம் தந்தார். நம் திறமையையும் கருத்தையும் அளக்க நேரடியான வழி இல்லாதபோது, நாம் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களோடு. அரூரில் இருக்கும் ஒரு பெண் அரூர்ப் பெண்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. ஒப்பிடப்படும் ஆள் தெருவிலிருந்து திரைக்குப் போனதுதான் பெரிய மாற்றம். திரையில் இருப்பவர் பல ஆயிரம் பேரிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர், மேக்கப்பும் விளக்கும் எடிட்டிங்கும் அவருக்கு உண்டு என்பது தெரிந்தாலும், மனது ஒப்பிடுவதை நிறுத்துவதில்லை.

இதற்கு அடிக்கடி சொல்லப்படும் சான்று பிஜித் தீவிலிருந்து வருகிறது. அங்கே நல்ல சதைப்பிடிப்பான உடம்புதான் காலங்காலமாக அழகு. சாப்பிட்டு நன்றாக இரு என்பதுதான் அங்கே அன்பான பேச்சு. நட்ரோகா பகுதிக்கு 1995ல் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் டிவி வந்த புதிதிலும் மூன்று வருடம் கழித்து 1998லும் அங்குள்ள பள்ளி மாணவிகளைச் சந்தித்தார். எடை குறைக்க வேண்டும் என்று சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் முதல் தடவை யாரிடமும் இல்லை. இரண்டாவது தடவை 11.3 சதவீதம் பேரிடம் இருந்தது. 74 சதவீதம் பேர் தாங்கள் அதிகப் பருமனாக இருப்பதாக அவ்வப்போதாவது தோன்றுகிறது என்றார்கள். எண்ணிக்கையில் சின்ன ஆய்வு அது. அந்த மூன்று வருடத்தில் அங்கே வேறு மாற்றங்களும் நடந்திருக்கும். ஆனாலும் அந்தப் பெண்கள் தாங்களே டிவி நாடகப் பாத்திரங்களைச் சொல்லி, அவர்களைப் போல ஆக வேண்டும் என்று பேசினார்கள் என்பதை ஒதுக்கித் தள்ள முடியாது.

நம் ஊரில் உடம்பைவிட நிறம்தான் பெரிய காயம். சிவப்பழகு க்ரீம் விளம்பரங்களுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. ஃபேர் அண்ட் லவ்லி 1975ல் சந்தைக்கு வந்தது. கறுப்பாக இருந்ததால் வேலை கிடைக்கவில்லை, க்ரீம் பூசியதும் கிடைத்தது என்ற கதை எத்தனை விதமாகச் சொல்லப்பட்டது என்று நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் நினைவிருக்கும். கறுத்த நிறத்தவர்களை அழகில்லாதவர்களாக, சோகமாக, தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014ல்தான் விதி போட்டது. 2020ல் அந்த க்ரீம் தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஒரு பிரபல திருமண இணையதளம், தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எதிர்ப்பு வந்த பிறகு நீக்கியது. விளம்பரங்கள்தான் நிற வெறியைக் கண்டுபிடித்தன என்று நான் சொல்லவில்லை. ஜாதியும் பழைய எண்ணங்களும் அதை ஏற்கெனவே வைத்திருந்தன. விளம்பரம் அதை எடுத்து, தீர்வு இந்த ட்யூபில் இருக்கிறது என்று நாற்பது வருடம் சொன்னது. வெயிலில் கடலைக்காய் பிடுங்கிவிட்டு வரும் அம்மாவின் நிறத்தைப் பற்றி அவர் பெற்ற பெண்ணே வெட்கப்படுவதை என்னால் இன்றைக்கும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கைபேசி வந்த பிறகு ஒப்பீடு இன்னும் நெருக்கமானது. சினிமா நடிகையோடு ஒப்பிடுவதைவிட, தன்னைப் போலவே இருக்கும் ஒரு பெண் ஃபில்டர் போட்டு எடுத்த படத்தோடு ஒப்பிடுவது ஆழமாக இறங்குகிறது. 2021ல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. தங்கள் உடலைப் பற்றிக் கஷ்டப்படும் நேரத்தில் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் சொன்னதாக அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வே காட்டியது. பையன்களுக்கும் இது உண்டு. ஜிம் உடம்பு, தாடி, பைக் என்று அவர்களுக்கும் ஓர் அளவுகோல் வந்து நிற்கிறது; அதைப் பற்றி வாய் திறந்து பேச அவர்களுக்கு இடம்தான் குறைவு.

பேச்சும் இதில் சேரும். தமிழ் சினிமா மதுரைப் பேச்சையும் கோவைப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் விரும்பிக் காட்டியிருக்கிறது. தருமபுரிப் பேச்சு திரையில் கதாநாயகனின் வாயில் வருவது அபூர்வம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, சந்தையில் மூன்றையும் கலந்து பேசும் பிள்ளைகள் ஏராளம். ஒரே வாயில் மூன்று மொழி என்பது பெரிய சொத்து. ஆனால் திரையில் அப்படி ஒரு ஆளை அவர்கள் பார்ப்பதே இல்லை என்பதால், வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்ததும் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள்.

மாறாக ஒரு நல்ல உதாரணமும் இங்கேயே இருக்கிறது. கேழ்வரகுக் களி தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் அன்றாடச் சாப்பாடு. அரிசிச் சோறு வசதிக்கு அடையாளமான பிறகு, களியை மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோக வெட்கப்பட்ட ஒரு தலைமுறை வளர்ந்தது. அப்புறம் சர்க்கரை நோய், உடல்நலம் என்று டிவியிலும் யூடியூபிலும் சிறுதானியப் பேச்சு தொடங்கியது. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கொஞ்சம் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தானியம் அதேதான், களி கிண்டும் துடுப்பும் அதேதான். அதைப் பற்றி வெளியே பேசப்படும் பேச்சு மாறியதும், சாப்பிடுபவரின் தலை நிமிர்ந்தது.

மாமியார், காதலன், ரோஜா

1956ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் ஒன்றைக் கவனித்தார்கள். திரையில் தினமும் பார்க்கும் ஒருவரோடு பார்வையாளருக்கு நிஜமான பழக்கம் போல ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஒரு பக்க உறவு. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இது நிஜமான ஆறுதல். பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், ராத்திரி எட்டு மணிக்கு வரும் சீரியல் குடும்பம்தான் பாட்டியின் பேச்சுத் துணை. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கவலை வேறு: அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் நேராகப் பேசுவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறார்கள், சதி செய்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள். முப்பது வருடமாக மாமியார் மருமகள் உறவு என்றாலே சந்தேகம் என்று காட்டிக்கொண்டிருந்தால், புதிதாக வந்த மருமகள் சமையலறையில் மெதுவாகப் பேசுவதுகூட வேறு அர்த்தத்தில்தான் காதில் விழும்.

காதலில் இது ஆபத்தாகவே முடியும். வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் பின்தொடர்ந்தால் கடைசியில் அவள் மனம் மாறுவாள் என்ற கதையைத் தமிழ் சினிமா சலிக்காமல் சொல்லியிருக்கிறது. பின்தொடர்வது 2013 முதல் இந்தியச் சட்டப்படி தனிக் குற்றம். 2016ல் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, இந்தக் கதைகளைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. மிஷிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியா லிப்மேன் இதைச் சோதித்தும் பார்த்தார். விடாமல் துரத்துவதை இனிமையான காதலாகக் காட்டும் படத்தைப் பார்த்தவர்கள், அதையே பயங்கரமாகக் காட்டும் படத்தைப் பார்த்தவர்களைவிட, பின்தொடர்வதை நியாயப்படுத்தும் கருத்துகளை அதிகம் ஏற்றுக்கொண்டார்கள். படம் பார்த்த எல்லோரும் துரத்தப் போவதில்லை. ஆனால் துரத்தும் ஒருவனைப் பார்த்து, “பையன் உண்மையா லவ் பண்றான்மா” என்று சொல்லும் நண்பர்கள் கூட்டத்தை அது உருவாக்குகிறது. அந்தப் பெண்ணுக்கு அந்தக் கூட்டமும் சேர்ந்துதான் பயம்.

காதலர் தினத்துக்கு ஒரு கொத்து ரோஜா என்ற பழக்கத்தையும் விளம்பரமும் சினிமாவும் சேர்ந்துதான் இந்தியாவுக்குள் கொண்டுவந்தன. அதன் பலன் ஓசூரின் பசுமைக்குடில்களில் விளைகிறது. தாஜ்மஹால் என்ற சிவப்பு ரோஜா ரகம் பிப்ரவரி 14ஐக் கணக்கு வைத்துக் கவாத்து செய்யப்பட்டு, ஐரோப்பாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறது. எங்கோ படிந்த ஒரு ஆசை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எத்தனையோ பெண்களுக்குக் கூலியாக மாறுகிறது. ஊடகத் தாக்கம் மனதோடு நிற்காமல் வயிற்றுப் பிழைப்பு வரை வரும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று வேண்டாம். கல்யாணச் செலவிலும் இது தெரிகிறது. ட்ரோன் கேமரா, கல்யாணத்துக்கு முன்பே அருவிக்கரையில் வீடியோ எடுப்பது எல்லாம் நகரத்து வசதிக்காரர்களின் வழக்கமாக இருந்து, ரீல்ஸ் வழியாக, கடன் வாங்கிக் கல்யாணம் செய்யும் வீட்டுக்கும் தவிர்க்க முடியாத செலவாக வந்து சேர்ந்துவிட்டது.

டிவி குடும்பத்தைக் கெடுக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள், 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் எடுக்கப்பட்ட தகவலை வைத்து, கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களில் என்ன மாறியது என்று பார்த்து 2009ல் வெளியிட்டார்கள். கணவன் அடிப்பதை நியாயம் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்தது. வெளியே போகவும் செலவு செய்யவும் பெண்களின் சுதந்திரம் கூடியதாகப் பதில்கள் வந்தன. வேலைக்குப் போகிற, தானே முடிவெடுக்கிற நகரத்துப் பெண்களைத் திரையில் பார்த்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். அழுதுகொண்டே இருக்கும் சீரியலிலும் அந்தப் பெண்மணி வங்கிக்குப் போகிறாள், வண்டி ஓட்டுகிறாள். கதையைவிட அதுதான் ஒரு கிராமத்துப் பெண்ணின் கண்ணில் நின்றிருக்கலாம்.

பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுக்கப் பேசப்பட்ட மாவட்டம் தருமபுரி என்பதால் இது நமக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை. 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் தருமபுரிக்கும் வந்தது. அதற்கு முன்பே, 1990களின் பிற்பகுதியில், டென்மார்க் நாட்டு உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், கலைப்பயணம் என்ற பெயரில் தெருநாடகக் குழுக்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் சிசுக்கொலைக்கு எதிராக நாடகம் போட்டன. பதினெட்டு நாள் பாரதக் கூத்தைக் கண் விழித்துப் பார்த்துப் பழகிய ஊர்களில், போஸ்டர் செய்யாததை நாடகம் செய்யும். அங்கே கொல்லப்படுவது தன் வீட்டுக் குழந்தை என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

தக்காளி எப்போது செய்தியாகிறது

1968 அமெரிக்கத் தேர்தலின்போது மேக்ஸ்வெல் மெக்கோம்ஸும் டொனால்ட் ஷாவும் சாப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம், நாட்டின் முக்கியமான பிரச்சினை எது என்று கேட்டார்கள். செய்திகளில் எது பெரிதாக வந்ததோ அந்த வரிசையிலேயே பதில்கள் இருந்தன. இந்த ஆய்வு 1972ல் வெளியானது. செய்தி, என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று சொல்லாவிட்டாலும், எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை வரிசைப்படுத்திவிடுகிறது.

ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிகளைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எல்லாச் சேனலிலும் அதுதான் முதல் செய்தி. அதே தக்காளி, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டப்படும் வருடங்களில் அது உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு படத்தோடு முடிந்துவிடும். இரண்டும் உண்மைச் செய்திதான், பொய் எதுவும் இல்லை. ஆனால் வாங்குபவரின் கஷ்டம் நாட்டின் பிரச்சினையாகவும், விளைவித்தவரின் கஷ்டம் அந்த ஊரின் பிரச்சினையாகவும் பதிகிறது. விவசாயி வீட்டுப் பிள்ளையே நகரத்துக் கண்ணால் தக்காளி விலையைப் பேசத் தொடங்குகிறான்.

ஊரின் பெயருக்கும் இதே கதிதான். தருமபுரி என்றால் தமிழ்நாட்டின் மற்ற பகுதியினருக்கு என்ன தோன்றும்? 2000 பிப்ரவரியில் இலக்கியம்பட்டியில் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று கல்லூரி மாணவிகள் இறந்தது, 2012ல் தலித் மக்கள் வாழும் நத்தம் காலனி எரிக்கப்பட்டது, தொப்பூர் கணவாய் விபத்துகள், சிசுக்கொலை, குழந்தைத் திருமணம். இவை எல்லாம் நடந்தவை. மறைக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது. ஆனால் இவை மட்டுமே வெளியே போகும்போது, சித்தேரி மலையில் சாமை விதைப்பவரோ, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் சீசன் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்ணோ, ஓசூர் மின்னணுத் தொழிற்சாலை விடுதியில் தங்கித் தம்பியைப் படிக்க வைக்கும் அக்காவோ யாருடைய மனதிலும் உருவாவதில்லை. ‘பின்தங்கிய மாவட்டம்’ என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளை, ஊர்ப் பெயரைச் சொல்வதற்குப் பதிலாக, சேலம் பக்கம், பெங்களூர் பக்கம் என்று சொல்லிப் பழகிவிடுகிறது.

என்னை ஒன்றும் செய்யாது

இதையெல்லாம் பேசினால், “நமக்குத் தெரியாதாங்க, அது வெறும் விளம்பரம்னு” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். 1983ல் ஃபிலிப்ஸ் டேவிசன் என்ற ஆய்வாளர் இந்த மனநிலையைப் பற்றியே எழுதினார்: ஊடகம் தன்னைவிட மற்றவர்களைத்தான் அதிகம் பாதிக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். பெரியவர்கள் பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். பிள்ளைகள் தாத்தாவின் வாட்ஸப்பை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். படித்தவர்கள் படிக்காதவர்களை நினைக்கிறார்கள். என் பார்வையில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. கூடவே, பார்ப்பவர்கள் வெறுமனே வாங்கிக்கொள்பவர்கள் இல்லை என்பதும் உண்மை. ஒரே நிகழ்ச்சியைச் சிலர் அப்படியே ஏற்கிறார்கள், சிலர் பேரம் பேசுவது போலப் பாதியை மட்டும் ஏற்கிறார்கள், சிலர் முழுக்க எதிர்த்துப் புரிந்துகொள்கிறார்கள் என்று 1970களில் ஸ்டூவர்ட் ஹால் என்ற பண்பாட்டு ஆய்வாளர் விளக்கினார். சீரியல் பார்த்துக்கொண்டே, “எந்த ஊர்ல இப்படிப் பட்டுப்புடவை கட்டிட்டுச் சமைக்கிறாங்க?” என்று கேட்கும் அத்தை செய்வது அந்த மூன்றாவது வகை. அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் காதில் விழும்படி கேட்பதே பெரிய கல்வி. டிவியைப் பிடுங்கி வைப்பதைவிடச் சேர்ந்து உட்கார்ந்து இப்படிக் கேட்பது அதிகப் பயன் தரும் என்று நான் நம்புகிறேன்.

வீட்டிலோ வகுப்பிலோ செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு வாரம், உங்கள் மாவட்டத்தின் பெயர் செய்தியில் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் மூன்று விஷயத்தை எழுதுங்கள்: என்ன நடந்தது, அதைப் பற்றிக் கேமரா முன்னால் பேசியது யார், அது யாருடைய லாப நஷ்டம். அதே வாரம் உங்கள் கைபேசியில் வந்த ரீல்ஸில் முதல் இருபதை எடுத்து, அதில் வரும் முகங்களின் நிறம், வீட்டின் தரை, பேச்சு வழக்கு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் தெருவில் இருப்பவர்களின் பெயர்களைப் பக்கத்தில் எழுதி, இந்த இரண்டு பட்டியலிலும் அவர்களைப் போன்ற யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். கலெக்டர், போலீஸ் அதிகாரி, கட்சிக்காரர், விபத்தில் இறந்தவர் ஆகியோர் சுலபமாகக் கிடைப்பார்கள். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தன் வேலையைப் பற்றித் தானே பேசும் ஒரு நிமிடம் எங்காவது இருக்கிறதா என்று தேடும்போதுதான் பிள்ளைகள் உண்மையான கேள்விகளைக் கேட்கத் தொடங்குவார்கள்.